மேற்கு மதிலோரம்

அந்தச் சாலையோரப் பலகையில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்காது. மூன்று தடவை படித்துப் பார்த்துத்தான் எழுதக் கொடுத்தேன். "இருநூறு ஆண்டுப் பழமையான கல்லறைத் தோட்டம். இங்குள்ள கல்லறைகள் யாவும் அப்படியே காக்கப்பட்டுள்ளன." வாசகம் என்னுடையது. தோட்டத்தின் காவலும் அடக்கப் பதிவேடும் இருபத்தாறு வருடமாக என் பொறுப்பில்தான் இருக்கின்றன.

தொல்லியல் அலுவலகத்திலிருந்து போன தடவை வந்தபோது, பதிவேட்டில் இரண்டு தாள் குறைகிறதே என்று கேட்டீர்கள். கரையான் என்றேன். கரையான் இத்தனை நேராகக் கிழிக்காது என்பது உங்களுக்கும் தெரியும். கிழித்தது நான்தான்.

உள்ளே பளிங்குக் கல்லுக்குக் கீழே கிடப்பவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் வீட்டாரும். மேற்கு மதிலோரம் கல் கிடையாது. ஞானஸ்நானம் கொடுக்குமுன் இறந்துபோன உள்ளூர்க் குழந்தைகளை அங்கே புதைப்பார்கள். தலைமாட்டில் ஒரு செங்கல் நட்டு, எந்தச் செங்கல் யார் பிள்ளை என்று பதிவேட்டில் குறித்துவைப்போம். மொத்தம் முப்பத்தெட்டு. அதில் ஒன்று என் தங்கையுடையது. அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

சாலையை அகலப்படுத்த வந்த சர்வேயர் நியாயமான மனிதர். மதிலோரம் ஏழடி வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ச்சாரி வீடுகளில் ஏழடி என்றார். எதிர்ச்சாரியில் முதல் வீடு என்னுடையது. ஏழடி போனால் முன்னறையோடு மாடிப்படியும் போய்விடும். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. மதிலோரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க. வெறும் மண்ணுதான்."

பதிவேட்டில் அவர்களைக் குறித்திருந்த இரண்டு தாளையும் கிழித்துவிட்டு, செங்கற்களை முந்தின ஞாயிறே பெயர்த்து எடுத்துவிட்டிருந்தேன். வீணாக்க மனம் வராமல், என் வீட்டுப் பின்புறம் துணி துவைக்கிற இடத்தில் பாவிவிட்டேன்.

இயந்திரம் ஒரே காலையில் வேலையை முடித்தது. நான் என் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். அந்த மண்ணை லாரியில் ஏற்றி எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதை நினைத்தால் இன்றும் எனக்கே என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

தங்கை பதறிக்கொண்டு வந்தாள். புது மதிலுக்கு உட்புறம் ஓர் இடத்தைக் காட்டி, பிள்ளையை நானே பத்திரமாக இங்கே மாற்றி வைத்துவிட்டேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ இருந்ததாலதான்ணா என் புள்ள தப்பிச்சுது."

கூனிக் குறுகிப் போனேன். அன்றிலிருந்து வாராவாரம் வந்து, அந்த வெறும் மண் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள்.

போன மாதம் மருத்துவமனையில் அவள் பிழைக்கமாட்டாள் என்று கைவிரித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னையும் அதுக்குப் பக்கத்துலயே வச்சிருண்ணா. வேற எதுவும் வேணாம்."

பாதுகாக்கப்பட்ட இடத்தில் புது அடக்கத்துக்கு உங்கள் அலுவலகத்தின் அனுமதி வேண்டுமே. அவள் பிள்ளை அங்கே இருக்கிறது என்று காரணம் காட்டி மனு எழுதிப் போட்டதும் நான்தான். அதைச் சரிபார்க்கத்தான் நீங்கள் பதிவேட்டைக் கேட்டு வந்தீர்கள்.

இப்போது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அனுமதியை மட்டும் கொடுத்துவிடுங்கள். அவள் கண்மூடும்வரை இந்தப் பேச்சு அவள் காதுக்குப் போக வேண்டாம். என்னைக் காப்பாற்றிக்கொள்ள இதைக் கேட்கவில்லை. அண்ணன்மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அதையும் நான் கெடுக்கலாமா, சொல்லுங்கள்.