இரண்டாம் தீர்த்தம்

காப்பியை எடுத்துப் போகச் சொல்லுங்கள். நான் வெளியிடத்தில் எதுவும் அருந்துவதில்லை. முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் எத்தனையோ மேலதிகாரிகளின் காப்பியை இப்படி மறுத்திருக்கிறேன். யாரும் தவறாக நினைத்ததில்லை.

பெயர் பாஷ்யம். ஊர் திருவள்ளூர். வயது ஐம்பத்தாறு. போன வருடம் ஓய்வு பெற்றேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும். பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதும் கோஷ்டி முடிந்ததும் தீர்த்தம் தருவார்கள். முதல் தீர்த்தம் ஆசாரியருக்கு. அடுத்து நீளும் கை எங்கள் குடும்பத்தின் கை. ஐந்து தலைமுறையாக அப்படித்தான். என் தகப்பனார் நூற்றிரண்டு டிகிரி ஜுரத்திலும் ஈர வேட்டியோடு போய் நின்றார். ஒரு நாள் நிற்காவிட்டால் யாரும் அந்த இடத்தைப் பிடுங்கிவிட மாட்டார்கள். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதவன் எங்கள் குடும்பத்தில் பிறந்ததில்லை.

நேற்று விசாரணையில் நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள், நாகமுத்து விஷயத்தில் நான் அறிக்கை எழுதியது ஏன் என்று. இன்று வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேச வேண்டாம்.

எழுபத்தாறு ஜனவரியில் அந்த விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. ஐரோப்பாவிலிருந்து ஒரு நிறுவனம். கும்மிடிப்பூண்டியில் படகு இயந்திரமும் கடலாழம் பார்க்கும் கருவியும் செய்யும் தொழிற்சாலை. நூற்றுக்கு நாற்பது பங்கு அவர்களுடையது. செய்த கருவியைத் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பதற்குப் பழவேற்காடு முகத்துவாரத்தில் ஒரு படகுத்துறையும் கேட்டிருந்தார்கள். முந்நூறு பேருக்கு வேலை. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஏரிக்கு வடக்கே ராக்கெட் விடும் தளம் இருக்கிறது. தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையம். நடுவில் அந்நியன் கருவியோடு உட்காரலாமா? அதைச் சொல்வதுதான் என் வேலை. கோப்பின் கடைசிப் பக்கத்தில் ஆபத்து உண்டு அல்லது இல்லை என்று எழுதிக் கையொப்பம் போட வேண்டும்.

இந்த வேலைக்கு நானே வகுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. முதல் போடுகிறவன் எதைக் கேட்கிறான் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் அவன் கேட்காமலே எதை வைத்திருக்கிறான் என்று பார்ப்பேன். கேட்பவன் வாசலில் நிற்கிறான். கேட்காமல் வைத்திருப்பவன் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டான்.

பிப்ரவரியில் இடத்தைப் பார்க்கப் போனேன். சங்குமேட்டுக் குப்பத்தில் படகு ஓட்ட ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர்தான் நாகமுத்து. நாற்பது வயது இருக்கும். நிறுவனத்தார் ஆழம் பார்க்க வந்தபோதும் அவர் படகில்தான் போயிருந்தார்கள். அதை அவரே சொன்னார், சிரித்துக்கொண்டே.

"அந்தத் தொர மெசினத் தண்ணில உட்டுக்கினு அரை நாளு பாத்தாரு சாமி. நான் கோலை உட்டுப் பாத்து ஒம்போது அடின்னு மொதல்லயே சொல்லிட்டேன். சாய்ந்தரம் மெசினும் ஒம்போதுன்னுச்சு. அத்தப் பாக்க கப்பல்ல வேற வந்திருக்காரு."

வெயில் ஏறியதும் எனக்கு நா வறண்டது. நான் எதுவும் கேட்கவில்லை. அவர் கரையில் படகை நிறுத்தி, குலையிலிருந்து ஓர் இளநீரைச் சீவாமல் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் புதுக் கத்தி.

"நீங்களே வெட்டிக்கோங்க சாமி. நாங்க தொட்டது மட்டைய மட்டுந்தான்."

என் ஆசாரத்தைச் சொல்லாமலே புரிந்துகொண்ட மனிதர். இதை அவருக்குச் சாதகமான விஷயமாக நீங்கள் பதிந்துகொள்ளலாம். திரும்பும்போது, மறுபடி படகு தேவைப்பட்டால் வருவாரா என்று கேட்டேன். பாடு நாள் தவிர எப்போது கூப்பிட்டாலும் வருவதாகச் சொன்னார். பாடு நாள் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. ஏதோ அவர்கள் வழக்கம்.

மார்ச் கடைசியில் நிறுவனம் தன் திட்ட வரைபடத்தைத் தாக்கல் செய்தது. கடற்கரையின் ஒவ்வொரு வளைவும், ராக்கெட் தளத்தின் விலக்கு எல்லையும் அதில் இருந்தன. அந்த எல்லைக்கோடு பொதுமக்களுக்கான எந்த வரைபடத்திலும் கிடையாது. சர்க்கார் வரைபடப் பிரிவில் பூட்டி வைத்திருக்கும் தாளில்தான் உண்டு. என் விதி பலித்தது. கேட்காமலே வைத்திருந்தார்கள்.

பிறகு ஓரத்தில் இருந்த வடக்குக் குறியைப் பார்த்தேன். எல்லோரும் ஓர் அம்பு போடுவார்கள். இதில் இரண்டு மெல்லிய கோடுகள் கீழே வளைந்து சேர்ந்து, நடுவில் ஒரு சிவப்புக் கோடு மேலே போயிற்று. நெற்றியில் இட்டுக்கொள்ளும் திருமண் மாதிரி. ஏழு வயதிலிருந்து என் மகன் எம்பார் வடக்கு திசையை அப்படித்தான் வரைவான். அவன் அந்த வரைபடப் பிரிவில் வேலை பார்த்தான்.

அன்று மாலை கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை.

"நான்தான் பிரதி எடுத்துக் குடுத்தேன். அவா தேசத்துல வேலை தரேன்னா. அந்தக் கரையை முதமுதல்ல அளந்ததே வெள்ளைக்காரன்தானே அப்பா, அவன்கிட்டேயே அதை மறைச்சு வைக்கறதுல என்ன இருக்கு?"

அந்நிய முதலீடு முதலில் நிலத்தில் இறங்குவதில்லை, ஆளிடம்தான் இறங்குகிறது. அதை அன்றுதான் கண்டேன். இதை அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"எழுதுங்கோ. அந்த ஆபத்து நம்மாத்துக் கூடத்துல உக்காந்து காப்பி குடிச்சிண்டிருக்குன்னும் சேத்து எழுதுங்கோ."

நாற்பத்திரண்டு பக்க அறிக்கை எழுதினேன். பங்கு விகிதம், இயக்குநர்கள் யார், கருவியின் சக்தி, தளத்துக்கு உள்ள தூரம், வரைபடம் கசிந்த விவரம். விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தேன். நிராகரித்தார்கள். தேசத்துக்கு என்ன நஷ்டம்? இன்று வரை யாரும் அந்த முடிவில் குறை காணவில்லை. நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் மாறியிருந்தது.

வரைபடம் யார் மூலம் போயிற்று என்று எழுதாமல் விட்டிருந்தால், மேலே உள்ளவர்கள் வரைபடப் பிரிவைத் தோண்டியிருப்பார்கள். ஆகவே பெயர் தேவைப்பட்டது. நிறுவனத்தாருடன் படகில் போனவர் நாகமுத்து. கூலி வாங்கிக் கைநாட்டு வைத்தவர். சர்க்கார் அளவையாளரைப் படகில் ஏற்றியபோது திருடிய தாளை மார்ச் பதினெட்டு, வியாழக்கிழமை பகலில், கும்மிடிப்பூண்டி பயணியர் விடுதி வாசலில் அவர் வெள்ளைக்காரரிடம் கொடுத்ததாக எழுதினேன். அன்று நான் அந்த விடுதியில் இருந்தேன். பயணப்படிப் பட்டியலில் பதிவாகியிருக்கிறது. கண்ணால் கண்ட சாட்சி நானே. முப்பத்திரண்டு வருடத்தில் என் வார்த்தையை யாரும் சரிபார்த்ததில்லை.

நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். மே முதல் வாரம் நாகமுத்துவை, விசாரணையில்லாமல் அடைக்கும் மிசா சட்டத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வைகாசி அமாவாசை அன்று அவருடைய மனைவி கன்னியம்மா திருவள்ளூர் வந்தாள். அமாவாசைக்குக் குளத்தில் முழுக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். அந்தக் கூட்டத்தோடு வந்து, கோயிலிலிருந்து வெளியே வந்த என் முன்னால் நின்றாள். அழவில்லை. போலீசார் கொடுத்த தாளை யாரிடமோ படித்துக் கேட்டிருக்கிறாள்.

"சாமி, மார்ச்சு பதினெட்டு எங்க பாடு நாளு. எங்க ஊட்டுக்காரரு முகத்துவாரத்துல மார்மட்டும் தண்ணில வலையப் புடிச்சிக்கினு நின்னாரு. அறுவத்திரெண்டு ஊடும் பாத்துச்சு."

அப்போதுதான் பாடு என்றால் என்ன என்று எனக்குத் தெரிய வந்தது. முகத்துவாரத்தில் இறால் விழும் இடங்கள் சில. யாரும் நினைத்தபோது அங்கே வலை கட்ட முடியாது. அம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கி, இன்ன வீட்டுக்கு இன்ன நாள் என்று வகுத்துக்கொள்வார்கள். முறை வந்த நாளில் அந்த வீட்டு ஆண் தண்ணீரில் இருப்பான். மற்றவர்கள் கரையிலிருந்து பார்ப்பார்கள். அவன் முறையை இன்னொருவன் தொட மாட்டான், அவனும் விட மாட்டான்.

"பாடு நாள உட்டுட்டு எவனாச்சும் கும்முடிப்பூண்டிக்குப் போவானா? செத்தவன்கூட அன்னிக்கு எய்ந்து வலைக்கு வந்துருவான் சாமி."

சொல்லப்போனால் இது மற்ற எவரையும்விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நிற்க வேண்டிய நாளில், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது. ஆனால் அப்படி ஒன்று அவர்களிடமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வருடத்தில் எத்தனையோ நாட்கள் இருக்க, அவர் எங்கே இருந்தார் என்று ஊரே ஆணையிட்டுச் சொல்லக்கூடிய ஒரு நாளை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். என் அறிக்கையில் நேர்ந்த ஒரே பிழை அதுதான்.

அறுபத்திரண்டு வீட்டாரும் வந்து சொல்வார்களா என்று கேட்டேன். கலெக்டர் ஆபீஸ் வரை நடந்தே வந்து சொல்வார்கள் என்றாள். அப்படியானால் அதை எழுத்தில் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் என் காலைத் தொடாமல், தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வாக்குக் கொடுத்தபடி எழுதினேன். இரண்டாம் குறிப்பு உங்கள் கோப்பில் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். சந்தேகத்துக்குரிய ஒருவருக்காக அறுபத்திரண்டு குடும்பங்கள் ஒரே தேதியை ஒரே வார்த்தையில் சொல்லத் தயாராக இருக்கின்றன, இவ்வளவு ஒற்றுமை தானாக வருவதில்லை, ராக்கெட் தளத்துக்கு அருகே இப்படியொரு குப்பம் இருப்பது உசிதமல்ல, உள்நிலப் பகுதிக்கு மாற்ற வேண்டும் என்று. அவர்கள் சொல்லப்போவதை முழுவதும் சேர்த்தே எழுதினேன். ஒரு வார்த்தையையும் மறைக்கவில்லை. அதன் பிறகு அவர்கள் யாரிடம் போய்ச் சொன்னாலும், சொல்வார்கள் என்று முன்பே எழுதப்பட்டதைத்தான் சொன்னார்கள்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அந்தக் காலத்தில் கோப்புகள் வேகமாக நகர்ந்தன. ஆடி மாதம் குப்பத்தாரை லாரிகளில் ஏற்றினார்கள். நானும் போயிருந்தேன்; ஒரு காரியத்தை எழுதியவன் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். படகுகளை ஏற்ற முடியாது என்றார்கள். வலைகளை மட்டும் குப்பத்தார் ஏற்றிக்கொண்டார்கள், எதற்கென்று தெரியவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம், முள்ளுக்காட்டில் வீட்டுக்கு ஒரு கொட்டகை. தண்ணீரிலிருந்து பன்னிரண்டு மைல். கன்னியம்மா லாரியில் ஏறுவதற்கு முன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க பாட்ட யாருக்குக் குடுத்திருக்கீங்க சாமி?"

யாருக்கும் இல்லை என்றேன். அது உண்மை. இன்றும் அந்த இடங்களில் யாரும் வலை கட்டுவதில்லை.

நாகமுத்து நவம்பரில் சிறையில் இறந்தார். வயிற்றுப்போக்கு என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அடுத்த கோடையில் முள்ளுக்காட்டில் நாலு குழந்தைகள் இறந்தன. கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று கேள்விப்பட்டேன். கிணறு என் இலாகா அல்ல.

எம்பார் வேலையை விட்டுவிட்டு அந்த நிறுவனத்துக்கே போய்விட்டான். தொழிற்சாலை வராவிட்டாலும் ஆளை எடுத்துக்கொண்டார்கள். இப்போது அங்கிருந்து உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். வரைபடத்தைக் கொடுத்தது தானே என்று ஒப்புக்கொண்டு, நீங்கள் நம்பமாட்டீர்களோ என்று வடக்குக் குறியையும் வரைந்து அனுப்பியிருக்கிறான். நேற்று அதை என் முன்னால் விரித்துவைத்தபோது நான் கலங்குவேன் என்று எதிர்பார்த்தீர்கள். அவன் எழுதியது சரி. நானும் அதையேதான் சொல்கிறேன். நாகமுத்து அந்தத் தாளைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும். அறுபத்திரண்டு வீட்டார் சொன்னதும் உண்மை. அதுவும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பம் போடுகிறேன்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். எதற்கு வருத்தம்? அந்நியன் உள்ளே வரவில்லை. கரை பத்திரமாக இருக்கிறது. ஐந்து தலைமுறையின் பெயரில் ஒரு பொட்டுக் கறை விழ விடவில்லை. வேறு எவனாவது என் நாற்காலியில் இருந்திருந்தால் ஏதாவது ஒன்றைத்தான் காப்பாற்றியிருப்பான்.

கன்னியம்மா இன்னும் அமாவாசை தோறும் வருகிறாள். முள்ளுக்காட்டிலிருந்து ஊத்துக்கோட்டை போய், அங்கே பஸ் மாறி வருகிறாளாம். சத்தம் போடுவதில்லை. கோபுர வாசலில் நின்று, கோஷ்டியிலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் அந்தத் தேதியைச் சொல்கிறாள். மார்ச் பதினெட்டு பாடு நாள் என்று. அவ்வளவுதான். பைத்தியம் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு அது முறை போலும்.

அதனால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. போன அமாவாசையன்றும் ஆசாரியருக்கு அடுத்தபடி என் கைதான் நீண்டது. முன்பெல்லாம் எனக்கு அடுத்து நிற்பவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது இரண்டு முழம் தள்ளி நிற்கிறார்கள். அர்ச்சகர் தீர்த்த வட்டிலோடு அந்த இடைவெளியைக் கடந்துதான் அடுத்த கைக்குப் போக வேண்டியிருக்கிறது. அவ்வளவு மரியாதை என் தகப்பனாருக்குக்கூடக் கிடைத்ததில்லை.