காப்பிக் கலர் மச்சம்

முக்கூடல் போகும் பஸ், பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், அக்காளும் தங்கையும். தங்கை மடியில் கைக்குழந்தை தூங்கியது.

"பிள்ளையக் காட்டப் போனா, டாக்டரம்மா பிள்ளையோட அப்பாவச் சட்டையக் கழத்தச் சொல்லிட்டாவக்கா" என்றாள் தங்கை.

பார்த்துக்கொண்டிருந்த போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். இதைவிட என்ன செய்தி வந்துவிடப் போகிறது?

"எதுக்குட்டி?"

"பிள்ள மேல காப்பிக் கலர்ல மச்சம் மச்சமா இருக்குல்லா? அவுக முதுகுலயும் அதேதான். நான் தேமல்னுல்லா நெனச்சேன்! பரம்பரையா வாரதாம். இப்ப பயப்பட ஒண்ணுமில்ல, வருசா வருசம் கண்ணையும் சேத்துக் காட்டிப் பாத்துக்கிடணும்னாவ."

"நீ மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய போனதாலதான்னு உங்க அத்தை சொன்னாவளே?"

"காயப்போட்ட துணிய எடுக்க வாசலுக்குப் போனேன். பிள்ள பொறந்ததுல இருந்து அதே பேச்சுதான்."

"இப்ப என்ன சொல்லுதாவ?"

"நாங்க வந்து சொன்னதும் அவுகளப் பெத்த மாமாவும் சட்டையக் கழத்திட்டுத் திரும்பி நின்னாவ. அங்கனயும் முதுகு பூரா மச்சம்."

அக்காள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

"அத்தை வாயே தொறந்திருக்க மாட்டாவளே?"

"தொறக்காம இருப்பாவளா? மாமாவப் பாத்து, 'அப்போ உங்க அம்மையும் கிரகணத்துல வெளிய போயிருக்காவ. இத்தன வருசத்துல என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியளா?'ன்னு சண்டைக்குப் போயிட்டாவ."