சுவரில் தொங்கிய புருஷன்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் சிரம்பானில் அரிசி வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, எம் புருஷன் சுவத்துல தொங்குறாரு."

"ஐயோ! மால போட்டா?"

"அட, இல்லக்கா. ஜப்பான்காரன் வந்து ஊரு மாறிப்போனத போட்டோக் கடைக்காரங்க சேர்ந்து படம் புடிச்சு மண்டபத்துல மாட்டியிருக்காங்கல்ல? அதுல ஒன்னுல கெழங்கு வித்துக்கிட்டு நிக்கிறாரு."

"அவர சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போனாங்களே! பழைய படமா இருக்கும்லா."

"பின்னாடி கடையில ஜப்பான் எழுத்துல போர்டு இருக்குக்கா. படம் எடுத்தவரயே கேட்டேன். போன வாரம் பக்கத்து ஊரு ராசாவுல எடுத்தாராம். தப்பிச்சு வந்துட்டாருக்கா!"

"நம்மள வேல வாங்குற எஸ்டேட் மண்டோர் பாத்தா ஜப்பான்காரன்கிட்ட காட்டிக் குடுத்துருவாரே."

"அவரும் வந்தாரு. படத்த முதுகால மறைச்சுக்கிட்டு நின்னேன், நகரவே இல்ல. அவரு போனதும் படக்காரர்கிட்ட கெஞ்சினேன். கழட்டிக் குடுத்துட்டாரு."

முந்தானைக்குள் இருந்ததைத் தட்டிக் காட்டினாள். வரிசை நகர்ந்தது. அவள் விலகி வெளியே வந்தாள்.

"அரிசி வாங்காம எங்கடி போற?"

"ராசாவுக்குத்தான். தாடி வேற வளத்திருக்காரு, சகிக்கலக்கா. ஆனாலும் ஆளு அடையாளம் தெரியாம இருக்கட்டும், சண்ட முடியிற வரைக்கும் அத எடுக்க விடமாட்டேன்!"

சிரித்துக்கொண்டே நடந்தாள்.