ஓடாத தரை

இல்ல நர்ஸம்மா, வலிக்கல. சும்மாதான் நின்னேன். கை கழுவுறது எப்படின்னு இந்தச் சுவர்ல படம் போட்டிருக்காங்களே, அதைப் படிச்சுக்கிட்டிருந்தேன். நல்லா எழுதியிருக்காங்க.

சரி, முறைக்காதீங்க. வலிக்குது. ஆடுசதையை யாரோ ஈரத்துணி பிழியற மாதிரி பிழியறாங்க. கொஞ்சம் நின்னா விட்டுடும். கால் ரத்தக்குழாய்ல அடைப்புன்னு டாக்டர் சொன்னாரு. இதே ஆஸ்பத்திரியிலதான் படுத்திருக்கா என் வீட்டுக்காரி, அவ காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாதும்மா.

அந்த நடக்க வைக்கிற மிஷின்லயா? அதுல பிரமாதமா நடந்தேனே! டூட்டியில இருந்தவரு அசந்துட்டாரு. பின்ன? காலமெல்லாம் பஸ் கண்டக்டர். ஓடுற தரையில நடக்குறதுதான் என் பொழப்பே. கை தானாப் போய்க் கம்பியைப் பிடிச்சுக்கிச்சு. உடம்பு கம்பியில தொங்குது, கால் சும்மா ஊஞ்சலாடுது. மிஷின் என்னைக் குதிரைன்னு நம்பிடுச்சு. டாக்டர்தான் நம்பல. ஓடாத தரையில, இந்த வராந்தாவுல நடக்க விட்டுப் பாருங்கன்னு உங்ககிட்ட தள்ளிவிட்டாரு. இங்க பிடிச்சுக்க ஒரு கம்பி இருக்கா, சொல்லுங்க?

வெளியில எப்படிச் சமாளிக்கிறேனா? கடை பாப்பேன். கால் பிடிச்சுக்கிற இடத்துல எந்தக் கடையோ அந்தக் கடை. ஒரு நாள் பாருங்க, பொம்பளைங்க உள்ளாடைக் கடை. கண்ணாடிக்கு முன்னால ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறேன், நகர முடியல. எதிர்வீட்டம்மா பாத்துட்டாங்க. நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள சேதி வந்து சேந்திருச்சு. அதுக்கு மட்டும் அடைப்பே கிடையாது.

என் வீட்டுக்காரி என்ன சொன்னாளா? போய்க் கேட்டுக்குங்க, ஒரு பாட்டம் சொல்லுவா. குளிக்கிற இடத்துல வழுக்கி அவளுக்கு இடுப்பெலும்பு போச்சு. நாளைக்கு ஆபரேஷன். சேத்ததுலேர்ந்து நான் எட்டிக்கூடப் பாக்கலைன்னு வார்டு முழுக்கப் புலம்பல். கல்நெஞ்சக்காரனாம் நான். மக போன்ல கேக்குறா, உனக்கெல்லாம் மனசே இல்லையாப்பான்னு.

கால் வலியைச் சொல்லலாம்தான். சொன்னா என்ன பண்ணுவா தெரியுமா? எனக்குப் பல்லுவலின்னு தன் கண் ஆபரேஷனையே தள்ளிப்போட்டவ. நான் நொண்டுறதைப் பாத்தா, மொதல்ல இவரைக் கவனிங்கன்னு டாக்டர்கிட்ட சண்டைக்கு நிப்பா. நிக்க எங்க முடியுது, படுத்துக்கிட்டே போடுவா. அதுக்குக் கல்நெஞ்சக்காரனாவே இருந்துட்டுப் போறேன்.

ம், விட்டுடுச்சு. வாங்க, நடக்கலாம். ஒண்ணே ஒண்ணும்மா. அந்தக் கோடியில கதவு திறந்திருக்குல்ல, அதான் அவ வார்டு. மொதக் கட்டில். வராந்தாவுல டெஸ்ட்டுன்னதும் நான் தலையாட்டினது எதுக்குன்னு நினைச்சீங்க, காலுக்காகவா? கதவுக்கு இந்தப் பக்கமே நின்னு காலை ஆறவிட்டுக்கறேன். உங்க டெஸ்ட் தாள்ல நின்னதை நின்னதாவே எழுதிக்குங்க, அதுல கள்ளம் வேணாம். அப்புறம் வாசல்ல தலையை நீட்டி, என்னடி, இன்னும் படுத்துத்தான் கெடக்கியான்னு ஒரு அதட்டல். அவ வாயைத் திறக்கிறதுக்குள்ள நேரா, விறுவிறுன்னு நடந்துடுவேன்.

அவ கண்ணுக்கு மறையற வரைக்கும் கிட்ட வராதீங்க. மறைஞ்சதும் பிடிச்சுக்குங்கம்மா.