புல் கூரைக்கு அடியில் நீலத் தார்ப்பாய்

“ஏனுங்க, நாளைக்குப் பார்வையிட வர்ற ஆபீசர் குண்டா, ஒல்லியா?”

கோத்தகிரி பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டார். கணவர் ஒரு பழைய தோடர் வீட்டுக்குக் காவலாளி. மூங்கிலை வளைத்துப் புல் வேய்ந்த, பாதுகாக்கப்பட்ட வீடு; அதில் எதையும் மாற்றக்கூடாது.

“நல்ல தொப்பை.”

“அப்புறம் என்னங்க பயம்? அந்த வாசல்ல தவழ்ந்துதான் உள்ள போகோணும். நீங்க புல்லுக்கு அடியில சொருகின நீலத் தார்ப்பாய், உள்ள போனாத்தானுங்க தெரியும்?”

“மழை ஒழுகுச்சு, வெச்சேன். தெரிஞ்சா வேலை போயிரும் புள்ள. அவருகூட ஒரு பொண்ணு வருது. புதுசா சேந்தது, குச்சியாட்ட இருக்குது. சர்ருனு நுழைஞ்சிரும்.”

“அவ்வளவுதானுங்களா? போண்டா, கேசரியெல்லாம் கொண்டாறேன். வாசல்லயே உக்கார வெச்சு, அசைய முடியாத அளவுக்குத் தின்ன வெச்சர்றனுங்க.”

“அது எதுவும் திங்காதாம். போன வாரம் ஆபீஸ்லயே மயங்கி விழுந்துச்சாம்.”

அது என் மகள். அந்தச் செய்தி கேட்டு ஓடிவந்து, அவளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன்.

“எப்படித் திங்காம போகும்? நான் உடமாட்டனுங்க.”

இறங்கும்வரை, அந்தத் தார்ப்பாய் யார் கண்ணிலும் படக்கூடாது என்றே வேண்டிக்கொண்டிருந்தேன்.