கலைவாணி தோஷம்

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லது அம்மா, பஞ்சாங்கம் பறக்கிறது. சரி, இப்போது கேளுங்கள். நீங்கள் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், நான் சுற்றி வளைக்கமாட்டேன். பூவாயிகுளம் அரசு கல்லூரியில் புள்ளியியலுக்கு இவ்வளவு கூட்டம் சேர வழியே இல்லை, எல்லாம் பொய்ப் பெயராகத்தான் இருக்கும் என்று உங்கள் மேலிடத்தில் சந்தேகப்படுகிறார்கள். அது தப்பு. பிள்ளைகள் எல்லாரும் நிஜம். அவர்களுக்கு இருக்கிற தோஷம்தான் பொய். அதை உண்டாக்கியவன் நான்.

என் பெயர் சாமிதுரை. வேப்பந்தட்டைப் பக்கம் பத்துப் பதினைந்து ஊருக்கு நான்தான் ஜோசியர். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற சனங்கள். வெங்காயத்துக்கு விலை வந்தால் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க வருவார்கள். விலை விழுந்தால் நேரம் எப்படி இருக்கிறது என்று கேட்டு வருவார்கள். இதுவரை யாரையும் நான் ஏமாற்றியதில்லை. நடுவில் இந்த மூன்று வருஷத்தை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊரே வெடி வெடித்தது. கட்டிடம் கிடையாது, இப்போதைக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு அறை என்றார்கள். அதற்கே எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ், காமர்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் மளமளவென்று நிரம்பின. புள்ளியியலில் சேர்ந்தது ஒரே ஒரு பிள்ளை. அது என் மகள் பிரவீணா. அவள் கடைசி நாளில்தான் போனாள், மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஏன் கடைசி நாளில் போனாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிரின்சிபால் ஆரோக்கியசெல்வம் சார் தங்கமான மனிதர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். "ஐயா, ஒத்தப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் எப்படிங்க டிபார்ட்மெண்ட் நடத்துறது? காலியா இருக்குற எடத்துக்கு இன்னும் ஒரு மாசம் டைம் குடுத்துருக்காங்க, அதுக்குள்ள இருபது பேராச்சும் சேரணும். இல்லாட்டி இந்தப் பாடத்தையே எடுத்துருவாங்க. ஒங்க பொண்ணு திருச்சிக்குத்தான் போகணும்."

ஒரு பெண் பிள்ளையின் படிப்பு பாழாய்ப் போவதை எந்தத் தகப்பன் பார்த்துக்கொண்டிருப்பான்? நீங்களே சொல்லுங்கள்.

அது ஆடி மாதம். ஆவணியில் முகூர்த்தம் வைக்கிறவர்கள் பொருத்தம் பார்க்க வருகிற நேரம். அடுத்த நாள் காலையில் சுமதி என்ற பெண்ணின் ஜாதகத்தோடு அவள் தகப்பனார் வந்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம். பையன் குணமானவன். நான் வாயைத் திறக்கும்வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. "பொண்ணுக்குக் கலைவாணி தோஷம் இருக்கு" என்றேன்.

அவர் ஆடிப்போனார். நான் நிதானமாக விளக்கினேன். புதன் மறைந்து கிடக்கிறது. பெண் படிக்க வேண்டிய படிப்பைப் படிக்காமல் தாலி ஏறினால் மாமியார் வீட்டில் மாடு தங்காது, போர்வெல்லில் தண்ணீர் நிற்காது. பரிகாரம் கோயிலில் இல்லை. புதன் கணக்குக்கு அதிபதி. ஆகவே கணக்கு சம்பந்தப்பட்ட படிப்பை, மலையைப் பார்த்த வாசலுள்ள இடத்தில், மூன்று வருஷம் படிக்க வேண்டும்.

"தமிழு படிச்சா ஆகாதுங்களா? யாரையாச்சும் புடிச்சு ஒரு எடம் வாங்கிரலாம்."

"ஆகாது. தமிழுக்கு வேற கிரகம்."

மறுநாள் சுமதி சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரமமே இருக்கவில்லை. ஒரு ஜாதகத்தில் சொல்லிவிட்டால் அடுத்ததில் தானாக வருகிறது. சில வீட்டில் நிச்சயதார்த்தப் புடவைகூட எடுத்துவிட்டார்கள். ஒரு மாப்பிள்ளை மனசு விட்டுப்போய் குவைத்துக்குக் கிளம்பிவிட்டான். அங்கே நன்றாக இருக்கிறானாம், விசாரித்தேன்.

கலியம்மாள் மட்டும் சும்மா விடவில்லை. அவள் மகன் வேல்முருகன் டிராக்டர் ஓட்டுகிறவன், வயது இருபத்தேழு. அவனுக்கு அமைந்த பெண்ணைத்தான் நான் கல்லூரிக்கு அனுப்பியிருந்தேன். விளக்குமாற்றோடு என் வாசலில் வந்து நின்றாள். "ஒன் வாயில புத்து வைக்க! எம்மவன் தலை நரைச்சப்புறமா பொண்ணு குடுப்பே?"

"ஆத்தா, அவன் ஜாதகத்தைக் கொண்டா பார்ப்போம்" என்றேன். கொண்டுவந்தாள். அவனுக்கும் இருந்தது. ஆண் ஜாதகத்தில் அது இன்னும் உக்கிரம் என்று எடுத்துச் சொன்னேன். விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். வேல்முருகன் இப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அட்டெண்டன்ஸில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. டிராக்டரைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்தியிருப்பான், வரும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அந்த ஆவணியில் எங்கள் பக்கம் ஒரு மேளச்சத்தம் கேட்கவில்லை. கல்யாண மண்டபம் வைத்திருக்கிற அரியமுத்து என்னிடம் வந்து அழாத குறையாகப் பேசினார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. மனசாட்சி உள்ளவன் நான். அவரை நேரே ஆரோக்கியசெல்வம் சாரிடம் அழைத்துப்போய், சும்மா கிடக்கிற மண்டபத்தைக் கல்லூரிக்கு வாடகைக்கு விடச் சொன்னேன். மணமகள் அறையில் பிரின்சிபால், மணமகன் அறையில் கம்ப்யூட்டர், பந்தி நடக்கிற கூடத்தில் புள்ளியியல். மேடையில் இருந்த இரண்டு சிம்மாசன நாற்காலியில்தான் இன்றைக்கும் புரொபசர்மார் உட்காருகிறார்கள். வாசல் மலையைப் பார்த்திருந்தது. எல்லாம் கூடி வந்தது.

நடுவில் எறையூர்ப் பக்கம் ஒரு ஜோசியரைப் பார்த்தேன். என்னைவிட மூத்தவர். "கலைவாணி தோஷம்னு ஒண்ணு இப்ப நெறையா வருதே, கவனிச்சியா?" என்றார். நான் தெரியாதவன்போல, அப்படி ஒன்று உண்டா என்றேன். "என்னப்பா இப்படிக் கேக்குற! பழைய சுவடியிலேயே இருக்கு" என்றார். திருமானூர்வரை போய்விட்டதாம். அடுத்த வருஷம் கொள்ளிடக் கரையிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தது இப்படித்தான். அந்தக் கூட்டத்துக்கு நான் பொறுப்பில்லை.

அகப்பட்டது எப்படி என்றால், பாடத்தாலேயே அகப்பட்டேன். இரண்டாம் வருஷத்தில் நிகழ்தகவு என்று ஒன்று நடத்தியிருக்கிறார்கள். பிரவீணா சாயங்காலம் வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள். "அப்பா, ஒரே ஊரு, ஒரே வருசம், அத்தன பேருக்கும் ஒரே தோசம். இது தானா நடக்கறதுக்கு வாய்ப்பே இல்லப்பா. நாங்க கிளாஸ்ல எல்லாரும் சேந்து போட்டுப் பாத்தோம்."

என் மனைவி உண்ணாமலை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

பெண்கள் எல்லாரும் திரண்டு வந்து அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கொல்லை வழியாக வந்தார்கள். முதலில் வந்தவள் சுமதி. "ஐயா, மூணு வருசம் பத்தாதுங்க. பரிச்ச எழுதி வேலைக்குப் போற வரைக்கும் எனக்குத் தோசம் இருக்கட்டும். அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க." நான் ராகு பெயர்ச்சியைக் காரணம் காட்டி இரண்டு வருஷம் சேர்த்துப் போட்டேன். எல்லாருக்கும் அப்படியே செய்தேன், ஓரவஞ்சனை கூடாது பாருங்கள். வேல்முருகன் மட்டும், "எனக்குக் கொறச்சுப் போடுங்கண்ணே" என்றான். அவனுக்கு அடுத்த பங்குனியோடு விலகுகிறது.

ஆகவே, பிள்ளைகள் நிஜம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். குற்றம் என் ஒருவனுடையது. ஒரு பெண்ணின் படிப்புக்காகச் செய்தேன். இதில் எனக்கென்று எதுவும் இல்லை.

ஏன் கடைசி நாளில் சேர்ந்தாள் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. சின்ன விஷயம்தான். பிரவீணாவுக்குத் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்க ஆசை. இடமும் கிடைத்தது. வந்து சேரச் சொன்ன நாள் ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமை தெற்கே சூலம், எங்கள் ஊருக்குத் திருச்சி தெற்கு, அன்றைக்கு அந்தத் திசையில் காலெடுத்து வைக்கக்கூடாது என்றேன். அது பொய்யில்லை, பஞ்சாங்கத்திலேயே போட்டிருக்கிறது. பக்கத்திலேயே பரிகாரமும் போட்டிருக்கிறது, கொஞ்சம் தைலம் தேய்த்துக்கொண்டு கிளம்பலாம். அந்த வரியை நான் படித்துக் காட்டவில்லை. அவள் அன்றைக்கெல்லாம் அழுதாள். வெள்ளிக்கிழமை போன் போட்டால் இடம் போய்விட்டது என்றார்கள்.

உண்ணாமலை இதைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். "அந்தப் புள்ள பள்ளிக்கூடம் விட்டு வர அஞ்சு நிமிசம் லேட்டானா ரோட்டுல போய் நிக்கிற மனுசன். மவள அனுப்ப மனசில்லாம ஊருல ஒரு கல்யாணம் விடாம நிறுத்திட்டீங்களே" என்பாள். பெண்கள் எதையும் பெரிதுபடுத்திப் பேசுவார்கள். படிப்பு என்பது பக்கத்தில் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் சைக்கிள் மணி கேட்டால் எனக்குச் சாப்பாடு இறங்கும். இதில் என்ன சுயநலம் இருக்கிறது?

நேற்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன், தைலம் கமகமவென்று மணந்தது. பிரவீணா உச்சந்தலை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எம்.எஸ்சி. படிக்கத் திருச்சியில காலேஜ் பாத்துட்டு வரேம்பா. நாளக்கழிச்சு வியாழக்கெழம. தைலம் பத்துமான்னு இன்னிக்கே தேச்சுப் பாத்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் வாசலுக்குப் போய் அவள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தைல நெடி தாங்கவில்லை.

நீங்கள் என்ன எழுதினாலும் நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் அம்மா. நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு விவரம் மட்டும் தெரிய வேண்டும். இதே கல்லூரியில் எம்.எஸ்சி. புள்ளியியல் கொண்டுவர அரசாங்கம் எத்தனை பேர் கேட்கும்? எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள், போதும். மார்கழி முடியப்போகிறது, தை பிறந்ததும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள்.