ஆல்டர்விக்கில் பிறந்தவள்

— சாந்தமானவள்னா எழுதுனீங்க? அதை முதல்ல அழிங்க, சாமி. எங்க அக்கா பால்வாளியாலயே என் மண்டையை உடைச்சவ.

— புனிதை எடிவாவோட வரலாறும்மா இது. பிஷப் படிப்பாரு. பொறந்தது இந்த ஆல்டர்விக்லதானே?

— இங்கதான், அந்த மாட்டுக்கொட்டகையில. வீட்டுக்குள்ள இடுப்பளவு வெள்ளம். அம்மா பசுமாட்டு மேல சாஞ்சுக்கிட்டே பெத்தாங்க.

— கொட்டகையிலயா? நம்ம ஆண்டவர் மாதிரியே.

— இந்தச் சதுப்புல பாதிப் பேரு அப்படிப் பொறந்தவங்கதான். பியர் குடிங்க.

— சின்ன வயசுலயே ஓயாம ஜெபம் பண்ணுவாங்களாமே?

— அவளா? கோயில்ல தூங்குவா. விலாங்கு பிடிக்கப் போனா மட்டும் முழிச்சிருப்பா. ஜெபம் பண்ணுனது நான்.

— அப்புறம் எப்படி மடத்துக்கு வந்தாங்க?

— அப்பாவுக்கு நாங்க ரெண்டு பொண்ணு. பெரியவளை மாவு ஆலைக்காரனுக்குப் பேசி முடிச்சாரு. சின்னவளை மடத்துக்கு நேர்ந்துவிட்டாரு.

— இருங்க. அவங்க உங்களுக்கு அக்கான்னா, நேர்ந்துவிட்டது அவங்களை இல்லையே?

— இல்லைதான். அந்த ஆலைக்காரன் மொதப் பொண்டாட்டியை எப்படிச் சாகடிச்சான்னு ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்கா என் முக்காட்டைப் போட்டுக்கிட்டு, உறைபனியில வெறுங்காலோட நடந்து உங்க மடத்துக் கதவைத் தட்டுனா. என் பேரைச் சொல்லி உள்ள போயிட்டா.

— அப்ப நீங்க?

— பந்தல் போட்டாச்சு, விருந்துக்குப் பன்னி அறுத்தாச்சு. அப்பா என்னைக் கொண்டுபோய் நிறுத்துனாரு. அவன் குடிச்சான், அடிச்சான், ஒருநாள் செத்தான். ஆலையை நான் ஓட்டுறேன்.

— அவங்க மேல கோபம் வரலையா?

— ரொம்ப நாள் இருந்துச்சு. கொள்ளைநோய் வந்தப்ப எல்லாரும் ஓடிட்டாங்க. அவ மட்டும் கதவைத் திறந்துவச்சு, சீக்காளிகளை உள்ள தூக்கிட்டுப் போனான்னு கேள்விப்பட்டேன். நானா இருந்தா ஓடியிருப்பேன் சாமி. அன்னைக்குக் கோபத்தை விட்டுட்டேன். அவ பிடிவாதக்காரி, அப்படியே எழுதுங்க. பேரையும் சரியா எழுதுங்க. அவ பேரு குன்னில்ட்.

— முடியாதும்மா. எடிவாங்கிற பேரைச் சொல்லித்தான் சனங்க கும்பிடுறாங்க.

— தெரியுமே. இந்த வழியாத்தான் போறாங்க. ‘எடிவா தாயே’ன்னு அவங்க கூப்பிடும்போதெல்லாம், மாவு அரைக்கிற நான் ‘என்ன’ன்னு திரும்பிப் பார்த்துட்டுத்தான் இருக்கேன்.